புரட்டம்மாவின் அண்ணன்

அந்த முதியோர் இல்லத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. புரட்டம்மா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது அவள் வேலை. புரட்டு என்றால் பித்தலாட்டம் என்றும் ஓர் அர்த்தம் இருப்பது அங்கே இருக்கும் கிழங்களுக்குத் தெரியாதா என்ன? "வந்துட்டாய்யா பித்தலாட்டக்காரி!" என்று ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கும் பழைய தலைமையாசிரியர் குரல் கொடுப்பார். "பக்கத்தைப் புரட்டும்மா, இந்தப் பாடம் போரடிச்சிடுச்சு" என்பார். அவள் முதலில் புரட்டுவாள், பிறகுதான் சிரிப்பாள்.

சும்மா உருட்டிவிடுகிற வேலையில்லை அது. முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வேண்டும். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே இன்னொன்று வேண்டும். விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. இடுப்பிலோ பிட்டத்திலோ தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்ப்பாள். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் பிழைத்தோம். அழுத்தியும் சிவப்பு அப்படியே நின்றால் உள்ளே புண் ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு அந்தப் பக்கம் பாரமே ஏறக் கூடாது. புதிதாக வரும் பெண்கள் பாசம் பொங்கி அந்த இடத்தைத் தேய்த்துவிடப் போவார்கள். "தேய்க்காதடி! பாதி செத்த தோலை முழுசா கொன்னுடுவ" என்று எரிந்து விழுவாள். அவள் பார்த்துக்கொள்ளும் கூடத்தில் ஒருவருக்கும் புண் வந்ததில்லை. அதில் அவளுக்குக் கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அங்கேயும் ஒரு கட்டில். அதில் அவளுடைய அண்ணன். கிரேன் ஓட்டியவர், ஏணியிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. டயர் கடைக்குப் பின்னால் ஒரே அறை. நடுவில் ஒரு திரை. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவள், அடுப்பு, துணிக்கொடி. இவளுக்குக் கணவன் போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளையும் இல்லை. "உங்களுக்கென்ன, கூடப் பிறந்தவர் துணைக்கு இருக்காரே" என்று சிலர் சொல்வார்கள். சொல்கிறவர்களை அந்த அறையில் ஒரு வாரம் அடைத்து வைக்க வேண்டும்.

ஊரார் உடம்பையெல்லாம் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கூச்சம் என்பதே மரத்துப்போயிருந்தது. அண்ணனுக்கு மரக்கவில்லை. தங்கை தன் துணியை விலக்கிப் பார்க்கக் கூடாது என்று ஒரே பிடியாய் நின்றார். காலையில் குளிப்பாட்டிச் சுத்தம் செய்ய அடுத்த வீட்டு முடிவெட்டுகிற தம்பி வருவான். இராத்திரி மட்டும் போர்வையோடு சேர்த்து அவரைத் திருப்பிவிட இவளுக்கு அனுமதி. பகலுக்கு என்று ஜன்னல் கம்பியில் ஒரு கயிறு கட்டிக் கொடுத்திருந்தாள், அதைப் பிடித்து அவரே திரும்பிக்கொள்ள. "திரும்புறீங்களாண்ணா?" என்று கேட்டால், "பின்ன? பம்பரமா சுத்துறேன்" என்பார். மாலையில் அவள் உள்ளே நுழையும்போது ஒருக்களித்துத்தான் படுத்திருப்பார். அவளும் நம்பினாள்.

அந்த நேரத்தில்தான் இல்லத்தின் தலைமை நர்ஸ் அவளைக் கூப்பிட்டார். வேறு ஊரில் புதிதாக இன்னொரு இல்லம் திறக்கிறார்கள். "அங்க வர்ற பொண்ணுங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நீதான் பழக்கிவிடணும். தங்கறதுக்குத் தனி ரூம் தர்றோம். அண்ணனைப் பத்திதான் யோசனை."

தனி ரூம் என்ற சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கதவைச் சாத்தினால் உள்ளே தான் மட்டும். யாரையும் புரட்ட எழுந்திருக்க வேண்டாம். திரைக்கு இந்தப் பக்கம் நின்றபடியே அண்ணனிடம் சொன்னாள். அவரோ ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "போ. தம்பியை ராத்திரியும் இங்கயே படுத்துக்கச் சொல்றேன். கயிறு இருக்கு. எனக்கென்ன குறைச்சல்?"

அந்த வாரமெல்லாம் வீட்டில் ஒரு வாடை. பவுடரும் ஷேவிங் லோஷனுமாக மணக்கும், அதற்கு அடியில் புளித்தாற்போல ஏதோ ஒன்று. இல்லத்திலிருந்து தன் துணியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது என்று நினைத்தாள். அந்த வேலையில் இருக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். யூனிஃபார்மைத் துவைத்தாள். மறுபடி துவைத்தாள். தலைக்குக் குளித்தாள்.

ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள் விடுமுறை. வீட்டில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். மத்தியான வெயிலில் காய்ந்த துணியை முகர்ந்து பார்த்தால் சோப்பு வாசனைதான் வந்தது. ஆனால் வாடை அறையிலேயே இருந்தது. மடித்துக்கொண்டிருந்த துணி கையிலிருந்து விழுந்தது. திரையை விலக்கினாள்.

அண்ணன் மல்லாந்து கிடந்தார். கயிறு ஜன்னலில் தொட்டிலாய்த் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் தூசி படிந்திருந்தது.

"சாக்கடை நாத்தம். ஜன்னலைச் சாத்து" என்றார்.

"திரும்புங்க."

"போடி அந்தப் பக்கம்! தொட்டேன்னா நடக்கிறதே வேற!"

அவர் கத்தக் கத்தப் புரட்டிப் போட்டாள். துணியை விலக்கினாள். முதுகெலும்பு முடிகிற இடத்தில் உள்ளங்கை கொள்ளும் அளவுக்குக் குழி. அதற்குள் வெள்ளையாய் ஏதோ கட்டிதட்டிப்போயிருந்தது.

முதலில் அவளுக்கு இரக்கம் வரவில்லை. இனி நான் போக முடியாது, அதுதான் வந்தது. அப்படி நினைத்ததற்காகப் பிறகு எத்தனையோ முறை தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் முதலில் வந்தது அதுதான்.

சத்தம் கேட்டு முடிவெட்டுகிற தம்பி ஓடிவந்தான். "படிகாரம்க்கா" என்றான், கேட்பதற்கு முன்பே. கத்தி பட்ட கன்னத்துக்குக் கடையில் வைப்பதை நுணுக்கி இங்கே வைத்திருக்கிறான். மேலே பவுடர், நாற்றம் தெரியாமலிருக்க லோஷன். "கடையில ரெண்டே தேய்ப்புல ரத்தம் நின்னுடும்க்கா. இது நிக்கவே மாட்டேங்குது."

"எங்கிட்ட ஏண்டா சொல்லலை? என் வேலை என்னன்னு தெரியாதா உனக்கு?"

"அண்ணன் சத்தியம் வாங்கிட்டார்க்கா. சாயங்காலம் நீங்க வர்ற நேரத்துக்கு நான்தான் வந்து ஒருக்களிச்சுப் போட்டுட்டுப் போவேன். கயித்தைப் பிடிச்சு இழுக்க அவர் கையில பலமே இல்ல."

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எனக்கு வலிக்கவா செய்யுது? நீ போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கும்னு நினைச்சேன்."

"போன பிறகு?"

"போன பிறகு என்னாச்சுன்னா உனக்கென்ன? நீதான் போயிட்டிருப்பியே."

அவளுக்கு வந்த கோபத்துக்கு ஓர் அறை விட்டிருப்பாள். ஊர்க் கிழங்களின் குதிகாலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள், வீட்டில் போர்வைக்கு மேலேயே பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். அவர் ஏமாற்றினார் என்பது உண்மை. ஏமாறுவது தனக்கும் வசதியாக இருந்தது என்பதும் உண்மைதான். அதை யாரிடம் போய்ச் சொல்வாள்? உப்பு நீரால் புண்ணைக் கழுவிக்கொண்டே அழுதாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் செத்த சதையை வெட்டி எடுத்தார். மல்லாந்து படுக்கவே கூடாது, ஆறுவதற்கு மாதக்கணக்காகும், ஆறினாலும் அந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்றார். தலைமை நர்ஸ் பெரிய மனது பண்ணி, இல்லத்தில் தலைமையாசிரியருக்குப் பக்கத்துக் கட்டிலை அண்ணனுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். வேறு ஊர் வேலைக்கு, அவள் கையில் தொழில் பழகிய ஒரே பெண்ணை அனுப்பிவைத்தார்கள். பஸ் ஏறும் முன் அந்தப் பெண் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்க ரூமுக்குள்ளயே பாத்ரூம் இருக்காம்க்கா" என்றாள். "நல்லா இருடி" என்றாள் இவள்.

முதல் நாள் அவள் கட்டிலருகே வந்து நின்றதும் அண்ணன் இரண்டு கைகளாலும் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கூடத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் மட்டும் கேலி எதுவும் பேசாமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இவ்வளவு பெரிய இடத்துல உன்னை விட்டா வேற ஆளே இல்லையா?" என்றார் அண்ணன், தாழ்ந்த குரலில்.

"ஒருத்தி இருந்தா. அவளை எனக்குப் பதிலா அனுப்பிட்டாங்கண்ணா."

அவர் கைகள் தளர்ந்தன. அவள் தோளில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் வைத்து அவரைப் புரட்டினாள்.