ஆள் இருக்கா

என் வீட்டுக்காரருக்குக் காது கேட்காது. பிறவியில் வந்த குறை இல்லை. நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் முப்பது வருஷம் மாறி மாறி ஷிப்ட் பார்த்ததில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. நேருக்கு நேர் நின்று பேசினால் வாயைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வார். மீதியை இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வார். காது மிஷின் வாங்கி வந்து பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார். மாட்டினால் தலைக்குள் கன்வேயர் ஓடுகிறதாம்.

ரிட்டயரான பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் குறிஞ்சிப்பாடி போகிற வழியில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டோம். பின்பக்கம் கொஞ்ச தூரத்திலேயே வாய்க்கால். மைன்ஸிலிருந்து இறைக்கிற தண்ணீர் அதில்தான் ஏரிக்குப் போகிறது. அந்த வாய்க்காலைப் பார்த்ததும் மனுஷனுக்குச் சின்ன வயசு திரும்பிவிட்டது. பழைய ஃபைபர் போட் ஒன்றைப் பிடித்து வந்தார். சாயங்காலம் ஏரியில் வலை கட்டுவது, விடிந்ததும் போய் எடுப்பது. இரண்டு கிலோ ஜிலேபி மீனுக்காக இத்தனை ஆர்ப்பாட்டமா என்று நான் கத்தினேன். வழக்கம்போல் அவருக்குக் கேட்கவில்லை.

கடைசியில் நானும் அந்தப் போட்டில் ஏற வேண்டியதாயிற்று. காரணம், பாலம்.

வாய்க்காலில் போகிறவர்களுக்கு எழுதி வைக்காத சில முறைகள் உண்டு. துணி துவைக்கிற படித்துறை வந்தால் துடுப்பை நிறுத்திவிட்டு நீரோட்டத்தோடு சும்மா போக வேண்டும், பார்வையை எதிர்க்கரையில் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தவன் வலை கட்டிய இடத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். நீரோட்டத்துக்கு எதிரே வருகிறவன் கரையோரச் சம்புக் கோரைப் புதரைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும். நீரோட்டத்தோடு வருகிறவனால் சட்டென்று நிறுத்த முடியாது என்பதால் அவனுக்குத்தான் வழி. எல்லாவற்றுக்கும் மேலே, பாலத்துக்குள் நுழையும் முன் "ஆள் இருக்கா" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளே யாராவது இருந்தால் "இருக்கு, நில்லு" என்பார்கள். பதில் வராவிட்டால் போகலாம்.

இவர் நன்றாகவே குரல் கொடுப்பார். பதிலைக் கேட்க ஒரு காது வேண்டுமே. அதற்குத்தான் நான் முன்னால் உட்கார்ந்தேன்.

அந்தப் பாலத்தின் மேல் இப்போது ரோடு இல்லை. ரோடு போய்ச் சேர்ந்த ஊரே இல்லை. மைன்ஸுக்கு நிலம் எடுத்தபோது காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு பக்கமும் கருவேலம் மூடிக் கிடக்க, நடுவில் பாலம் மட்டும் யாருக்கோ காத்திருப்பதுபோல் நிற்கிறது. லாரி போவதற்காகக் கட்டியது, அதனால் அகலம். அடியில் நுழைந்தால் வெளிச்சம் வர நேரமாகும். உயரமோ கிடையாது. இரண்டு பேரும் போட்டில் மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும். மூக்குக்கு மேலே இரண்டு முழத்தில் சிமெண்ட் நகர்ந்து போகும். எனக்கு அது ஒவ்வொரு நாளும் பாடையில் போகிற மாதிரிதான் இருந்தது.

அதைவிட எனக்குப் பிடிக்காதது எதிரொலி. இவர் "ஆள் இருக்கா" என்பார். ஒரு கணம் கழித்து உள்ளேயிருந்து "இருக்கா" என்று வரும். இவர் குரல்தான், தெரியும். ஆனால் இவர் கேட்டதுபோல் இருக்காது. யாரோ என்னைப் பார்த்து விசாரிப்பதுபோல் இருக்கும். இவருக்கு அது கேட்காது. நான் மட்டும் தினமும் கேட்டுக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, போங்க" என்று கையைக் காட்டுவேன்.

ஒரு மார்கழிக் காலை. முந்தின நாள் மேற்கே நல்ல மழை என்று பால்காரர் சொல்லியிருந்தார். பூமிக்கடியிலிருந்து வருகிற தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். பனிக்காலத்தில் வாய்க்கால் முழுக்கப் புகை எழும்பும். அன்று போட்டின் மூக்குகூடத் தெரியவில்லை. போட் கட்டுகிற துறையில் எத்தனை படி மூழ்கியிருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். காது மிஷினை மாட்டச் சொல்லிச் சண்டை போட்டதில் இரண்டு பேருமே பார்க்கவில்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

வளைவு வந்ததும் இவர் குரல் கொடுத்தார். "ஆள் இருக்கா."

ஒன்றும் வரவில்லை.

அந்த "இருக்கா"கூட வரவில்லை. புகைக்குள் குரல் போனது, அவ்வளவுதான். எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன்: அப்பாடா என்றிருந்தது. இன்றைக்கு அந்தச் சனியன் தொலைந்தது என்று நினைத்தேன்.

"பதில் வந்துச்சா?" என்று முதுகில் தட்டினார்.

திரும்பி அவர் முகத்தைப் பார்த்து, "ஒண்ணும் வரல, போங்க" என்றேன். சொன்னது பொய்யில்லை.

படுத்தோம். மூக்குக்கு மேலே சிமெண்ட் வந்தபோதுதான் புத்தியில் உறைத்தது. தண்ணீர் ஏறி, பாலத்தடியில் குரல் போய்த் திரும்ப இடமே இல்லாமல் அடைத்திருக்கிறது. இரண்டு முழம் இருந்த இடத்தில் ஒரு சாண்தான் இருந்தது. கத்தினேன். யாரிடம் கத்துவது? இருட்டில் என் வாய் அவருக்குத் தெரியாது. போட் அதிரக் காலால் உதைத்தேன். அதற்குள் போட்டின் விளிம்பு மேலே உரசி, நடுப்பாலத்தில் ஒரு விட்டத்துக்கு அடியில் சிக்கி நின்றுவிட்டது. பின்னாலிருந்து தண்ணீர் தள்ளிக்கொண்டே இருந்தது. அதன் பிறகு எனக்குக் குரல் வரவில்லை.

இவர் தண்ணீர் இறைக்கிற டப்பாவைத் தேடி எடுத்து, வாய்க்காலிலிருந்து மொண்டு போட்டுக்குள்ளே ஊற்ற ஆரம்பித்தார். பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். வெதுவெதுப்பான தண்ணீர் என் முதுகை நனைத்து, காது வரை ஏறியது. போட் கனத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அப்போதுதான் அவர் செய்வது புரிந்தது.

பாதியில் கையை நிறுத்தினார். தலையைப் பின்பக்கம் திருப்பி, "இருக்கு, நில்லு. மாட்டிகினு இருக்கோம்" என்று சத்தமாகச் சொன்னார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். தண்ணீர் உரசுகிற சத்தம் தவிர ஒன்றுமில்லை.

அவர் மறுபடி மொண்டு ஊற்றினார். போட் விட்டத்தை விட்டு விலகியது. மேலே சிமெண்ட் உரச, தண்ணீர் எங்கள் இரண்டு பேரையும் மறுபக்கம் தள்ளிவிட்டது. அவர் நெற்றித் தோல் போயிருந்தது. சம்பைப் பிடித்துக் கரையோரம் நிறுத்தினோம். முதல் காரியமாகப் பாலத்தைப் பார்த்து, "தண்ணி ஏறிக் கெடக்கு, உள்ள வராதீங்க" என்று குரல் கொடுத்தார். நில்லு என்று சொல்லி நிறுத்திவைத்தவனுக்குச் சேதி சொல்லாமல் போவது முறையில்லை. யாரும் பதில் பேசவில்லை. கருவேலத்தின் வழியே மேலே ஏறிப் பாலத்தின் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். வாய்க்கால் புகைந்துகொண்டிருந்தது. போட் எதுவும் இல்லை.

இறங்கி வந்தவர் முகத்தில் நான் பல வருஷமாகப் பார்க்காத ஒரு சந்தோஷம்.

"கேட்டுச்சுடி" என்றார். "ஆள் இருக்கான்னு பளிச்சுன்னு கேட்டுச்சு. நம்ம கூப்புடற மாதிரியேதான். திரும்பிப் போயிட்டாங்க போல."

நான் போட்டிலிருந்த தண்ணீரை டப்பாவால் மொண்டு வெளியே ஊற்றினேன்.

"மிஷினும் வேணாம், ஒண்ணும் வேணாம். காது தானா தொறந்துகிச்சு. நாளையிலேர்ந்து நீ வூட்டுலயே இரு. பாவம், உன்ன வேற பயமுறுத்திகினு. நானே தனியாப் போயிட்டு வந்துடுவேன்."

அவர் தனியாக அந்த வளைவில் வருவதை நினைத்துப் பார்த்தேன். குரல் கொடுப்பார். அவருக்கு ஏதோ ஒன்று கேட்கும், அல்லது கேட்காது. எது நடந்தாலும் அதை நம்பிப் படுத்துக்கொள்வார்.

அவர் முகத்தை இரண்டு கையாலும் என் பக்கம் திருப்பினேன். "யாரும் கூப்புடலங்க" என்றேன். "எனக்கு ஒண்ணும் கேக்கல. தினமும் எதிரொலி வரும், இன்னைக்கு அதுகூட வரல. அதுவும் வரலன்னு உங்ககிட்ட சொல்லாம விட்டது நான்தான்."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியிலிருந்து ரத்தம் புருவத்தில் இறங்கியது. துடைக்கவில்லை.

"என்னா சொன்ன?" என்றார்.

எனக்குத் தெரியும், முதல் தடவையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் இன்னொரு தடவை சொன்னேன்.