கறை துடைத்த சூரியன்

சூரியனுக்கு முகம் கழுவிவிட இவர்கள் யார்? தலை பாதி நரைத்துவிட்டது, பல் இரண்டு போய்விட்டது, அந்தக் கேள்வி மட்டும் எனக்குள் ஆறவில்லை. ஆற வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. பகல் முழுவதும் அரிசி மூட்டைக்கும் ரப்பர் கட்டுக்கும் சொந்தம். விடிகாலை மட்டும் எனக்கு. நாங்கள் குடியிருந்த கடைவீட்டு மாடியில் துணி உலர்த்தும் தளம் ஒன்று உண்டு. அங்கே நின்றால் கடலுக்கு அந்தப் பக்கம் அக்கரை முழுவதும் தெரியும். வருஷக் கடைசியில் சூரியன் புக்கிட் மெர்தாஜம் மலையை உரசிக்கொண்டு எழும்பும். ஜுருப் பக்கத்துச் சதுப்பின் பனியும் தோட்டங்களில் எரிக்கும் செத்தையின் புகையும் அதன்மேல் படர்ந்து, கொஞ்ச நேரம் அதை வெறுங்கண்ணுக்கு அடங்கிய பிள்ளையாக்கிவிடும். சிவந்து, வட்டமாக, கிட்டத்தில். கை நீட்டிக் கன்னத்தைத் தட்டலாம் போல.

அந்த நேரத்துக்காகத்தான் நான் உயிரோடிருந்தேன். மாலுமி ஒருவன் விற்றுவிட்டுப் போன பித்தளைத் தொலைநோக்கி; அதன் பின்னால் லென்ஸைக் கழற்றிய காமிரா; இரண்டையும் ஒரே பலகையில் வைத்துக் கட்டியிருந்தேன். கண்ணாடிப் பிளேட்டில் சூரியன் ஒரு பெரிய வெள்ளிக்காசு அளவுக்கு விழும். மற்றவர்கள் காமிரா வாங்கினால் பெண்டாட்டி பிள்ளையைப் படம் எடுப்பார்கள். நான் இதை எடுத்தேன்.

அந்த மாதம் சூரியனில் ஒரு கறைக்கூட்டம் வந்தது. முதலில் பார்த்தது நான் இல்லை, துணி காயப்போட வந்த என் மனைவி.

"என்னங்க, சூரியன்ல என்னமோ ஒட்டிக்கிட்டு இருக்கு."

"உன் கண்ணுல தூசி விழுந்திருக்கும்."

"என் கண்ணுல தூசின்னா உங்க மூஞ்சிலயும்ல தெரியணும். அங்க தெரியலையே."

பார்த்தேன். பெரிதாக இரண்டு, அவற்றின் பின்னால் பொடிப்பொடியாக ஒரு வரிசை. எரிகிற உடம்பில் கறுத்த புண்கள். சூரியனும் நம்மைப் போல ஒரு தோல் உள்ள ஜீவன்தான் என்று அன்றுதான் நான் நம்பினேன்.

ஆபீசில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. பெரிய கிராணி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"சூரியனுக்கே அம்மை போட்டிருக்கா? வீட்டு வாசல்ல வேப்பிலை கட்டச் சொல்லு தம்பி."

"கண்ணால பார்த்தேன் சார்."

"ராத்திரி என்ன குடிச்சேன்னும் சொல்லிடு லா."

ஆபீஸ் முழுவதும் சிரித்தது. சரி, சிரியுங்கள் என்று இருந்துவிட்டேன். கடற்கரைத் திடலுக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர்களின் புகைப்படச் சங்கம் ஒன்று இருந்தது. அந்த வருஷக் கண்காட்சியில் வெளியாரும் ஆளுக்கு ஒரு படம் வைக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தக் கறைகள் அந்தச் சுவரில் இருக்க வேண்டும், கீழே என் பெயர் இருக்க வேண்டும். பெரிய கிராணி வந்து பார்க்க வேண்டும்.

சூரியன் சுழல்கிற வேகத்தில் கறைகள் ஒவ்வொரு நாளும் ஓரத்தை நோக்கி நகர்ந்தன. மேகம் வேறு. தினமும் பலகையைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன், தினமும் வெறுங்கையோடு இறங்குவேன். கறைகள் மறுபக்கம் போவதற்கு முன்னால் ஒரே ஒரு காலை கிடைத்தது. மலை முகட்டு மரங்கள் அடியில் கறுத்து நிற்க, முழு வட்டமும் பிளேட்டில் விழுந்தது. மருந்துத் தட்டை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்து நானே பிளேட்டைக் கழுவினேன்; நம் ஊர்ச் சூட்டில் ஐஸ் இல்லாவிட்டால் பிளேட்டின் மேல்பூச்சு கஞ்சியாய் வழிந்துவிடும். கழுவின பிளேட்டில் எல்லாம் தலைகீழ்: சூரியன் கறுப்பு வட்டம், கறைகள் அதில் ஊசி குத்தியது போல வெளிச்சம் வரும் துளைகள். விளக்கின் முன் பிடித்துக்கொண்டு நான் அழுதேன் என்றால் நம்புங்கள்.

பெரிதாக்கிப் பிரதி எடுக்கும் வசதி என்னிடம் இல்லை. பழக்கமான ஸ்டூடியோவில் கொடுத்தேன். அங்கே பிளேட்டுகளைத் திருத்துகிற அண்ணன் ஒருவர். ஜன்னலோரம் சாய்வு மேசை, பென்சில், மயிரிழைத் தூரிகை, சிவப்பு மை. கல்யாணத்துக்குப் பெண்ணின் படம் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறுவதற்கு முன் அவர் கை பட்டாக வேண்டும். அம்மைத் தழும்பு மறையும், மச்சம் மறையும். மாப்பிள்ளை படகுத்துறையில் வந்து இறங்கி, படத்தையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பான். அது அவன் பாடு.

பிரதி எடுத்து, சட்டம் போட்டு, நேரே சங்கத்துக்கே அனுப்பிவிடுவதாக அண்ணன் சொன்னார். எனக்கும் ஆபீசில் இரண்டு கப்பல் சேர்ந்து வந்துவிட்டன. "சூரியன், அதன் கறைகளுடன்" என்று ஆங்கிலத்தில் ஒரு துண்டு எழுதி, அந்த எழுத்து தெரியாத அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன்.

கண்காட்சிக்குப் போன அன்று என் படத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. இரண்டாம் சுற்றில்தான் மலை முகட்டு மரங்களை அடையாளம் கண்டேன். மேலே ஒரு வட்டம். வழவழவென்று, வெள்ளை வெளேரென்று, தேய்த்து வைத்த பீங்கான் தட்டு. கீழே என் பெயர். அதற்கும் கீழே, அழகான கையெழுத்தில்: "புக்கிட் மெர்தாஜம் மேல் நிலவெழுச்சி". ஓரத்தில் பாராட்டுக்குரியது என்று ஒரு நீல ரிப்பன்.

நிலாவாம். நிலாவுக்காவது முயல் உண்டே. இதில் அதுகூட இல்லை.

பின்னாலிருந்து தோளில் ஒரு கை. ஸ்டூடியோ அண்ணன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போடும் கோட்டில் வந்திருந்தார்.

"எப்படி தம்பி? ரிப்பன் பார்த்தீங்களா?"

"அண்ணே, கறை எங்க?"

"அதெல்லாம் எடுத்தாச்சு. அவ்வளவு ஓட்டை. ரெண்டு நாள் உக்காந்து ஒண்ணொண்ணா அடைச்சேன். நம்மாளு ஒருத்தன் துரைமாரு நடுவுல படம் வைக்கிறான், புள்ளியும் பொத்தலுமா வச்சா நம்மளத்தானே சிரிப்பான்? காசு ஒண்ணும் வேண்டாம், என் சந்தோஷம்."

"அது சூரியன்ல இருந்த கறை அண்ணே."

அவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். "சூரியன்லயா?"

"பிளேட்டைக் கழுவினா மை போகுமா?"

"நம்ம வேலை கழுவினா போற வேலையா தம்பி? வார்னிஷும் அடிச்சிட்டேன்." சொல்லும்போதுகூடக் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. பிறகுதான் முகம் வெளுத்தது. கோட்டுப் பையைத் தொட்டுக்கொண்டு காதருகே குனிந்தார். "தூரிகை கையிலதான் இருக்கு. எங்கெங்க இருந்துச்சுன்னு எனக்கு அத்துப்படி. பெருசு ரெண்டு, பின்னால கோழிக்குஞ்சு மாதிரி பொடிசு. கண்ணாடியைக் கழட்டினா அப்படியே வச்சுக் குடுத்துர்றேன். ஒரு பய கண்டுபிடிக்க மாட்டான்."

அவரால் முடியும். நிச்சயமாக முடியும். ஒரு கணம் என் கை சட்டத்தின் விளிம்புவரை போனது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தூரிகை வைக்கிற கறை சூரியனுடையது இல்லையே. அது இவருடையது. பொய்யான சுத்தத்துக்குப் பதில் பொய்யான அழுக்கு.

"வேண்டாம் அண்ணே. இனி எதையும் தொடாதீங்க."

சங்கத்துச் செக்ரட்டரி துரையிடம் போனேன். தலைப்பை யார் மாற்றியது என்று கேட்டேன். நான்தான் என்றார், உபகாரம் செய்தவரின் சிரிப்போடு. படத்தில் கறை எதுவும் இல்லை, ஆகவே ஆங்கிலத்தில் ஏதோ தவறிவிட்டது என்று நினைத்துச் சரிசெய்தாராம். இது சூரியன் என்றேன். இருக்கட்டுமே, நிலவாகவே நன்றாயிருக்கிறது, ரிப்பனும் கிடைத்திருக்கிறதே என்றார். கோபமே இல்லை அவரிடம். அதுதான் தாங்கவில்லை. ஒருவர் என் சூரியனைத் திருத்தினார், இன்னொருவர் என் வாக்கியத்தைத் திருத்தினார், இருவருமே அன்பாக. பார்த்த என் கண்ணை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினேன். ரிப்பனை அவர் மேசையில் வைத்தேன். அவர் ஏதோ சொன்னார், நான் நிற்கவில்லை. உச்சி வெயிலில் சட்டத்தை இடுக்கிக்கொண்டு திடலைக் கடந்தேன். அண்ணன் பின்னாலேயே வந்தார், கோட்டுப் பொத்தானைக்கூடக் கழற்றாமல், வேர்த்து ஊற்ற ஊற்ற. எங்கள் தெருமுனை வந்ததும் நின்றுகொண்டார்.

மறுநாள் பெரிய கிராணி, "நிலாப் படம் ஜோரா இருந்துச்சாமே, எங்க போச்சு?" என்றார். நான் பேரேட்டை விரித்து மூட்டைக் கணக்கை எழுதினேன்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஸ்டூடியோவை, துரையை, ரிப்பனை, ஊரை, உலகத்தை. அவள் அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். அவள்தானே முதலில் கண்டவள்.

"என்னங்க, கறையோட இருந்திருந்தா மாட்டியிருப்பாங்களா?"

"மாட்டியிருக்கணும். அதுதான் நியாயம். வேற எது நியாயம்?" என்று கத்தினேன்.

"நான் நியாயத்தைக் கேக்கல," என்றாள். "மாட்டியிருப்பாங்களான்னு கேட்டேன்."