புல்லு மருந்து

"கையில என்ன மருந்து போட்டீங்கம்மா?" என்று சிரம்பான் ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் கேட்டார். என் விரலில் இருந்தது சின்னச் சொறிதான். ஆனால் அந்தக் கேள்வி என்னை மலாயாவின் எமர்ஜென்சி காலத்து ரப்பர் எஸ்டேட் கேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. முள்வேலிக்குள் இருந்தோம். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று, காலையில் வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டில் தடவிச் சோதிப்பார்கள். அன்று சோதனைக்காரி, என்னோடு வரிசையில் நின்ற சின்னம்மாவின் கையைப் பார்த்ததும் பின்வாங்கினாள். உள்ளங்கை முழுக்கச் சோளமணிபோல் காய்ப்பு, கரும்புள்ளி. துப்பாக்கிக்காரன் வரிசையை நிறுத்தினான். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக வைத்தியம் பார்க்கும் டிரெசர் வந்தார். டவுனிலிருந்து வந்த புது ஆள்.

"கையில என்ன மருந்து?"

"புல்லு மருந்துதாங்கய்யா. மூணு வருசமா."

லாலான் புல்லைச் சாகடிக்க, முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு அவள் அடித்த விஷத்துக்கு எங்கள் லயத்தில் அதுதான் பெயர். "தொடாதடி, செத்துருவே" என்று அந்த டின்னருகே கூட என்னை விடமாட்டாள்.

"பச்சிலைய தேச்சா பெருவியாதி போயிருமா?" என்று டிரெசர் எரிந்து விழுந்தார். தொழுநோய் முகாமுக்கு லோரி வரச் சொன்னார்.

வரிசை சட்டென்று விலகியது. சின்னம்மா என்னைப் பார்த்தாள். "இல்லை, அது விஷம்" என்று சொல்ல எனக்குத் தெரியும். நான் அவள் கையை விட்டுவிட்டு, விலகியவர்களோடு போய் நின்றேன்.

அவள் திரும்பி வரவில்லை.

"அம்மா, மருந்து ஏதும் போட்டீங்களா?" இளம் டாக்டர் மறுபடி கேட்டார்.

"இல்லை" என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது அந்தச் சொல், இப்போது.