நடுக்கூடையில் இருந்த மஞ்சள் குப்பி

பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறைக்கு மூன்று மாடிக் கட்டடம். படியேறிப் போகிறவர்களெல்லாம் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள், இல்லாவிட்டால் வாங்கப் போகிறவர்கள். தரைத்தளத்தில், படிக்கட்டுக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு மட்டும், ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஒரு மனிதர் ராஜா. பேராசிரியர் ஒரு வாரம் லீவு போட்டால் துறைக்கு ஒன்றும் ஆகாது. இவர் ஒருநாள் வராவிட்டால் மூன்று மாடியும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எல்லோரும் அவரைக் குக்கர் அண்ணன் என்பார்கள். அவர் ஆண்டுவந்த இயந்திரத்துக்கு ஆட்டோகிளேவ் என்று பெயர். ஆள் உயரத்துக்கு நிற்கும் பிரஷர் குக்கர் என்று வைத்துக்கொள்ளலாம். பாட்டில், இடுக்கி, கத்தி, செடி வளர்க்கிற சத்துக்கூழ், எதுவானாலும் முதலில் இதற்குள் வெந்து, கிருமியெல்லாம் செத்த பிறகுதான் மாடிக்குப் போகும். பதினைந்து வயதில் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பாய்லருக்கு எதிரே போய் நின்றவர் அவர். முப்பத்தெட்டு வருஷமாக ஆவியோடுதான் குடித்தனம். ஆவி சீறுகிற சத்தத்தை வைத்தே அழுத்தம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். திரும்பி முள்ளைப் பார்த்தால் சரியாக இருக்கும். இரண்டு அறை வீடு, வாசலில் ஸ்கூட்டர், மனைவியின் தையல் மெஷின், எல்லாம் ஆவியில் சம்பாதித்தது. அதை அவர் சொல்லாத நாள் கிடையாது.

"மெஷினுக்கு வால்வு வெச்சவன் உங்க வாய்க்கும் ஒண்ணு வெச்சிருக்கலாம்" என்பாள் மனைவி.

இப்படி இருக்கையில் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு துறை கைகோத்தது. நோயில்லாத உருளைக்கிழங்குக் கன்றுகளைப் பாட்டிலுக்குள் வளர்க்கிற ஆராய்ச்சி. இரண்டு நாட்டிலும் ஒரே முறையில் வளர்க்க வேண்டும், ஒரே முடிவு வரவேண்டும். நல்லபடியாக முடிந்தால் இங்கிருந்து ஒரு மாணவி அங்கே போய் ஒரு வருஷம் பயிற்சி பெறலாம். பஸ் டிரைவர் மகள் ஒருத்தி அதற்குத் தேர்வாகியிருந்தாள். மூக்கை விடப் பெரிய கண்ணாடி போட்டிருந்ததால் அண்ணன் அவளைக் கண்ணாடி என்றே கூப்பிடுவார்.

துறைத்தலைவி அறைக்கே இறங்கி வந்து கேட்டார். "அண்ணே, இனிமே பாட்டில் ரெண்டு மடங்கு. இப்ப ஒரு தடவைக்கு அறுபதுதானே வைக்கிறீங்க? சாயங்காலத்துக்கு இன்னொரு ஆள் போட்டுத் தரட்டுமா?"

தன் அறையில் இன்னொரு ஆளா? அண்ணனுக்குச் சுருக்கென்றது. "ஆள் எதுக்கு மேடம்? நூத்தியிருபதா அனுப்புங்க. என் குக்கர் முழுங்கிட்டு ஏப்பம் விடும்."

அன்றிலிருந்து கூடைகளில் பாட்டில்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. முள் சரியான இடத்துக்கு ஏறியது. கூடையில் ஒட்டிய, சூடு பட்டதைக் காட்டும் டேப்பில் கோடு கறுத்தது. வேறென்ன வேண்டும்?

மூன்றாவது மாதம் பாட்டில்களுக்குள் வெள்ளையாகச் சளி மாதிரி ஒன்று படர்ந்தது. ஐந்துக்கு ஒரு பாட்டில் கெட்டது. அங்கே, அந்த நாட்டில், ஒன்றுகூடக் கெடவில்லை. கன்றுகளை வெட்டிப் பாட்டிலில் நட்டவள் கண்ணாடிதான். அவள் கை சுத்தமில்லை என்று பேச்சு எழுந்தது. துறைத்தலைவி அண்ணனிடமும் ஒரு வார்த்தை கேட்டார்.

"முப்பத்தெட்டு வருஷம் மேடம். ஆவி என் பேச்சைக் கேக்கும். தப்பு குக்கர்ல இல்ல, கையில இருக்கு."

அந்த ஒரு சொல் மூன்று மாடியும் ஏறிவிட்டது. மறுநாள் அவளே இறங்கி வந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் துடைத்து விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"இதுக்கு மேல எப்படிண்ணே துடைக்கிறது?"

"இன்னும் கொஞ்சம் நல்லா துடை, பாப்பா" என்றார் அண்ணன்.

பயிற்சி கொடுக்க அங்கிருந்து ஓர் அம்மா வந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் சத்துக்கூழ் காய்ச்சும் அறைக்குப் பொறுப்பானவர், வயது அண்ணனை ஒட்டியிருக்கும். எந்நேரமும் நீலக் கையுறை. வந்த அன்றைக்கே மேலே போகாமல் நேராகப் படிக்கட்டுக்குப் பின்னால் வந்துவிட்டார். மொழிபெயர்க்கக் கண்ணாடி கூட நின்றாள்.

"எங்க ஆவி வேற, அவங்க ஆவி வேறன்னு சொல்லு. இங்க வந்து கத்துக்கிட்டுப் போகட்டும்."

"அண்ணே, இதை நான் எப்படிச் சொல்றது?"

"அப்படியேதான் சொல்லு!"

அவள் என்ன சொன்னாளோ, கையுறை அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பையிலிருந்து சுண்டுவிரல் அளவில் மூன்று கண்ணாடிக் குப்பிகளை எடுத்தார். உள்ளே ஊதா நிறத் தண்ணீர். சாதாரணச் சூட்டுக்குச் சாகாத கிருமிகள் அதில் தூங்குகின்றனவாம். வெந்து செத்தால் ஊதா ஊதாவாகவே இருக்கும். ஒன்று பிழைத்தாலும், இரண்டு நாள் வெதுவெதுப்பில் வைத்தால் மஞ்சளாகிவிடும். மேல்கூடையில் ஒன்று, நடுக்கூடையில் ஒன்று, அடிக்கூடையில் ஒன்று வைத்தார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில், யாரும் வருவதற்கு முன், தனியாக வந்து உள்ளங்கையை விரித்தார். ஊதா, மஞ்சள், ஊதா.

அண்ணன் மஞ்சளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது கெட்டுப்போன குப்பிங்க" என்றார். அவருக்கே அது எடுபடவில்லை.

அந்த அம்மா வாதாடவில்லை. கைபேசியில் தன் ஊர் இயந்திரத்தின் படத்தைக் காட்டினார். பாட்டிலுக்குப் பாட்டில் இரண்டு விரல் இடைவெளி. இடைவெளியில் விரலை நெளித்து நெளித்து ஓட்டி, ஆவி நடந்து போகிற வழியைக் காட்டினார். அண்ணனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? அடைசலில் காற்று வெளியேறாமல் நடுவே மாட்டிக்கொண்டால், அந்தக் காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துத்தான் முள் காட்டும்; சூடு மட்டும் ஏறாது. சலவைக்கூடத்தில் முதல் வருஷமே படித்த பாடம். தெரியாமல் செய்த தப்பாக இருந்தாலாவது மனசு ஆறும்.

அடுத்து இன்னொரு படம் வந்தது. அதிலும் ஒரு மஞ்சள் குப்பி. பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதி. அந்த அம்மா தன் நெஞ்சைத் தொட்டார். யாரிடம் கற்றாரோ, "நான்" என்று தமிழிலேயே சொன்னார். "இருநூறு பாட்டில்." தூக்கிக் குப்பையில் போடுவது போல் கையை வீசிக் காட்டினார். பிறகு மஞ்சள் குப்பியை அண்ணனின் சட்டைப்பையில் போட்டு, மெல்லத் தட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் இரண்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து உட்காரும் கூட்டம். வெளிநாட்டுப் பயிற்சியிலிருந்து கண்ணாடியின் பெயரை அடிக்கப்போவது அங்கேதான்.

வீட்டில் மனைவி துணி தைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு கை உரிஞ்சிருந்ததைப் பார்த்தீங்கதானே?"

"பார்த்தேன்."

"அப்புறம் இதை எங்கிட்ட எதுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கீங்க?" மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

மூன்றாம் மாடிக் கூட்ட அறைக்குள் அண்ணன் அதுவரை கால் வைத்ததில்லை. சுவரில் பெரிய திரை, அதில் ஐந்து வெளிநாட்டு முகங்கள். துறைத்தலைவி அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி தலையைக் குனிந்திருந்தாள்.

"மேடம், ஒரு நிமிஷம்." அண்ணன் குப்பியை மேஜைமேல் வைத்தார். "இது நடுக்கூடையில இருந்தது. அறுபது வைக்கிற இடத்துல நூத்தியிருபது வெச்சேன். நீங்க ஆள் தர்றேன்னீங்க, நான்தான் வாயடிச்சேன். பாப்பா கையில தப்பில்ல. என் வாயிலதான்."

துறைத்தலைவியின் முகம் சிவந்தது. "உங்க பேச்சை நம்பித்தானேண்ணே இந்தப் பொண்ணை..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். திரையில் ஒருவர் ஏதோ கேட்டார். கண்ணாடி தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்த்தாள்: "பழையபடி அறுபது வெச்சா சரியாகிடுமான்னு கேக்குறாங்கண்ணே."

"சரியாகாம எங்க போகும்? முப்பத்தெட்டு வரு..." அண்ணன் நிறுத்தினார். மேஜையின் கோடியில் கையுறை அம்மா உட்கார்ந்திருந்தார். "வெச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்னு சொல்லு, பாப்பா."

வைத்துப் பார்த்தார்கள். ஒரு தடவைக்கு மூன்று குப்பி, மூன்று தடவை. ஒன்பதும் ஊதா. அந்த அறுபதுகளில் கண்ணாடி நட்ட கன்றுகளில் ஒன்றுகூடக் கெடவில்லை. சாயங்காலத்துக்கு இன்னொரு ஆள் வந்தார். அண்ணன் அவருக்கு ஒரு ஸ்டூலும் போட்டுக் கொடுத்தார். கண்ணாடி விமானம் ஏறினாள். போவதற்கு முன்னால் தரைத்தளத்துக்கு வந்து, தோல் கூடிவிட்ட விரல்களை விரித்துக் காட்டினாள். "மன்னிச்சுக்கோ பாப்பா" என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள், "அண்ணே, நீங்க அன்னிக்கு மாடி ஏறி வரலேன்னா நான் இன்னிக்கு ஊருக்குத்தான் பஸ் ஏறியிருப்பேன்" என்றாள். அண்ணன் முள்ளைப் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கையுறை அம்மா ஒரு பெட்டி நிறையக் குப்பிகளை விட்டுப் போயிருந்தார். திங்கட்கிழமைதோறும் ஒன்று நடுக்கூடைக்குப் போகும். புதன்கிழமை அதைப் படமெடுத்து அண்ணன் அனுப்புவார். அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு படம் வரும். இரண்டு ஊதா, இரண்டு நாட்டிலிருந்து.

அண்ணனின் வாய் மட்டும் அடங்கவில்லை. "ரெண்டு நாட்டுப் பேராசிரியருங்க முன்னாடி நின்னு தப்பை ஒத்துக்கிட்ட குக்கர்காரன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான், தெரியுமா?" என்று போன புதன்கிழமைகூட ஆரம்பித்தார். மனைவி தையலிலிருந்து நிமிராமல், "வால்வு" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே கைபேசியை எடுத்தார். படத்துக்குக் கீழே வாராவாரம் ஒரே வார்த்தைதான் எழுதுவார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித்தான். அங்கே கண்ணாடி அதைக் கையுறை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவாள்.

நன்றி.