சீர்க் கட்டில் பெஞ்சான கதை

என் கல்யாணத்துக்கு அப்பா செய்து கொடுத்த இரட்டைக் கட்டில், என்னைப் போலவே புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்தது. நான் பஸ்ஸில் வந்தேன், அது டிராக்டரில் வந்தது, வித்தியாசம் அவ்வளவுதான். மூங்கில்துறைப்பட்டு ஆலையில் கரும்பு இறக்கிவிட்டுக் காலியாக நின்ற டிராக்டரில் என் மாமியார் வீட்டார் அதை ஏற்றி அனுப்பியிருந்தார்கள். பீரோவையும் பித்தளைப் பாத்திரங்களையும் வைத்துக்கொண்டார்கள். கட்டில் மட்டும் அவர்களுக்கு வேண்டாமாம். என் கணவர் இரண்டாவதாகக் கூட்டிவந்தவள் தன் கட்டிலோடு வந்துவிட்டாள்.

டிராக்டர் முதலில் போனது சின்னசேலம் பக்கத்தில் உள்ள எங்கள் அம்மா வீட்டுக்கு. அம்மா கட்டிலை இறக்கவே விடவில்லை. சீராகக் கொடுத்த பொருள் திரும்பி வாசல் ஏறினால் மகள் வாழ்க்கை முடிந்தது என்று ஊருக்கே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று, டிரைவரை அப்படியே என் வாடகை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டாள். எனக்கும் முன்பு அதே மரியாதைதான் நடந்தது. அப்பா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாழாவெட்டி அக்கா வீட்டோடு இருந்தால் எவன் பெண் கொடுப்பான்? அதனால் நான் கள்ளக்குறிச்சியில் ஒரு லைன் வீட்டில் தனியாக இருந்துகொண்டு, தினமும் பஸ் ஏறி, மலைமேல் கரியாலூரில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன்.

அம்மா அந்த வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. "புருஷன் வூட்ல இருந்தா நானு வருவேன். தனியா குந்திக்கினு இருக்கறவகிட்ட எந்த மொறையில வர்றது?" என்று கேட்டாள். எனக்கு வேண்டியிருந்ததோ ஒன்றே ஒன்றுதான். அவள் ஒரு தடவை வர வேண்டும். நான் ஆக்கியதைச் சாப்பிட வேண்டும். 'வாடி, நம்ம வூட்டுக்குப் போலாம்' என்று சொல்ல வேண்டும். பெரிய ஆசையா அது?

வந்த கட்டில் என் வீட்டையே விழுங்கிவிட்டது. முன்னறை என்று பெயர், அதற்குள் கட்டிலைப் போட்டதும் கதவு பாதிதான் திறந்தது. அடுப்படிக்குப் போக வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடக்க வேண்டும். நோட்டுத் திருத்துவதும் அதன் மேல்தான், சாப்பிடுவதும் அதன் மேல்தான், துணி மடிப்பதும் அதன் மேல்தான். தலைமாட்டுப் பலகையில் இரண்டு கிளிகள் மூக்கோடு மூக்கு வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்கும். தினமும் விடிந்ததும் அந்த மூஞ்சிகளில்தான் முழிக்க வேண்டும். எரிச்சலாக வரும்.

அந்தச் சமயத்தில் ஒரு வாரப் பத்திரிகையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஒன்றில் பழைய கட்டில். இன்னொன்றில் அதே கட்டிலை அறுத்துச் செய்த சாய்வு பெஞ்சு, மேலே பூப்போட்ட மெத்தை, ஜன்னல் ஓரம். பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன். ஒரு பாதி எனக்கு ஒற்றைக் கட்டில். மறு பாதி, வருகிறவர்கள் உட்கார பெஞ்சு. யார் வரப் போகிறார்கள் என்று நான் யோசிக்கவில்லை. உட்கார இடம் இல்லாததால்தான் யாரும் வரவில்லை என்று அப்போது ஒரு நினைப்பு.

கூப்பிட்ட ஆசாரிகள் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். கிளிகளைப் பார்த்ததும், நாளைக்கு வருகிறேன் என்று போனவர்கள் போனவர்கள்தான். மூன்றாவதாக வந்தவர் வாய் ஓயாமல் பேசுகிறவர். அவர்தான் விஷயத்தை உடைத்தார்.

"சீர் கட்டிலா டீச்சர் இது?"

"ஆமாங்க."

"வூட்டுக்காரரு இருக்காருங்களா?"

"அதுக்கும் இதுக்கும் இன்னாங்க?"

"அவரு உசுரோட இருக்கச்சொல்ல சீர் கட்டில்ல ரம்பம் வெக்க மாட்டேன் டீச்சர். எங்க ஆளுங்க யாரும் வெக்க மாட்டாங்க. செத்த வூடுன்னா பரவால்ல. எத்தினியோ அறுத்துக் குடுத்திருக்கேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த ஆள் அங்கே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறார். அவர் படுக்காத கட்டிலுக்கு இங்கே காவல்! நான் வயிற்றை எக்கிக்கொண்டு நடப்பது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை, அவருடைய பங்கு மட்டும் எல்லோர் கண்ணிலும் படுகிறது.

"செத்துட்டாரு," என்றேன்.

ஆசாரி திகைத்துப்போனார். "எப்ப?"

"இப்பதான், கொஞ்ச நாளு முன்ன. எங்களுக்குச் சேதிகூட சொல்லல, பாவிங்க."

அவர் பார்வை என் நெற்றிக்குப் போனது. ஸ்டிக்கர் பொட்டு பளிச்சென்று இருந்தது. "புள்ளைங்க பயந்துக்கும்னு வெச்சிருக்கேன்," என்றேன். பொய் சொல்ல ஆரம்பித்தால் அது தானாக வருகிறது. அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, பாவம் பாவம் என்று முனகியபடி கட்டிலைக் கழற்ற ஆரம்பித்தார்.

வாசலில் போட்டுத்தான் அறுத்தார். ரம்பம் கிளிகளின் மூக்குக்கு நடுவே இறங்கியபோது எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பசிதான் எடுத்தது.

இரண்டு பாதிக்கும் சேர்த்துப் புதிதாக நாலு கால் வேண்டியிருந்தது. அதே வேங்கை மரத்தில்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அப்பா மரம் வாங்கியது சின்னசேலத்து மரக்கடையில் என்று சொன்னதும் நான்தான். ஆசாரி அங்கே போய்க் கால்களுக்கு மரம் எடுத்தார். எடுத்தவர் சும்மா வருவாரா? யாருக்கு, எதற்கு என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் வந்தார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சுவருக்கு நானே நீலம் கலந்து சுண்ணாம்பு அடித்தேன். பெஞ்சுக்கு வார்னிஷ் போட்டு, பழைய சேலையில் உறை தைத்து மெத்தை போட்டேன். கதவு முழுசாகத் திறந்தது. அறைக்குள் வெளிச்சம் வந்தது. அடடா, இதுவா என் வீடு என்று நின்று பார்த்தேன். யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல் கை பரபரத்தது. ஆனால் முன்னே எப்படி இருந்தது என்று பார்த்த ஆள் இருந்தால்தானே, பின்னே எப்படி ஆகியிருக்கிறது என்று அவர் வாய் பிளப்பார்? ஆசாரியை விட்டால், என் வீட்டின் முன்னையும் பின்னையும் பார்த்தவள் நான் ஒருத்திதான். அன்றைக்கு அந்தப் புதுப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். சும்மா கொஞ்ச நேரம் இல்லை, தேம்பித் தேம்பி அழுதேன்.

அழுத சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும் போல. ஆசாரி ஏற்கெனவே தெருவில் சொல்லியும் வைத்திருந்தார். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வீட்டுக்காரம்மா துக்கம் விசாரிக்க வந்துவிட்டார். பின்னாலேயே பக்கத்து வீட்டுக்காரி, எதிர் வீட்டுக்காரி. தன் மகள் மஞ்சள் நீராட்டுக்குத் தெருவையே கூப்பிட்டு என்னை மட்டும் விட்டவள் அந்த எதிர் வீட்டுக்காரி. இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுன்னா வோணும்னா ஒரு கொரல் குடுக்கா, நாங்க இல்லியா?" என்றாள். எல்லோரும் என் பெஞ்சில் இடித்துப்பிடித்து உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி சோறும் ரசமும் கொண்டுவந்திருந்தாள். காப்பி போட்டுக் கொடுக்க என்னிடம் அத்தனை டம்ளர் இல்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு மூன்று முறை வாயெடுத்தேன். சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவர்கள் இருந்தது பிடித்திருந்தது. செத்தவன் பொண்டாட்டிக்கு இந்த ஊரில் ஓர் இடம் இருக்கிறது. விட்டுப்போனவன் பொண்டாட்டிக்கு அதுகூடக் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தாள்.

தெருமுனையிலேயே அவள் அழுகை கேட்டது. நான் வாசலுக்கு ஓடுவதற்குள் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் உடம்பில் வெற்றிலை வாசனை. நான் அப்படியே நின்றேன். விஷயம் எங்கிருந்து போயிருக்கும் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மரக்கடைக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். உள்ளே கூட்டிப்போய்ப் பெஞ்சில் உட்காரவைத்தேன். அவள் பெஞ்சைப் பார்க்கவில்லை. சுவரையும் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் தடவிக்கொண்டிருந்தாள்.

"வாடி, நம்ம வூட்டுக்குப் போலாம். துணிமணிய எடுத்து வெய்யி கண்ணு. தம்பிகிட்ட சொல்லிட்டுதான் வந்தேன், அக்காள இட்டாந்துடறேன்னு. அவனும் செரின்னுட்டான். இனிமே எவன் இன்னா சொல்லுவான்? புருஷன் போயிட்டவள ஆத்தா வூட்ல வெச்சுக்காம வேற எங்க வெப்பாங்க?"

வாடி போகலாம் என்று சொல்லிவிட்டாள். நான் கேட்க ஆசைப்பட்ட அதே வார்த்தை. நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு துணி எடுத்து வைப்பதுதான். எடுத்தும் வைத்தேன். நாலு சேலையை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டேன். பின்னால் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "தங்கமான மனுஷன்டி. ஏதோ கெட்ட நேரம் புத்தி மாறிப்போச்சு. இருந்திருந்தா என்னிக்காவது ஒரு நாளு உன்னத் தேடி வந்திருப்பாரு."

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். தங்கமான மனுஷனாம்!

"அந்தத் தங்கம் ஒண்ணும் சாவல. அங்க நல்லா தின்னுக்கினு குண்டா இருக்குது. ஆசாரி கட்டில அறுக்க மாட்டேன்னாரு, அதுக்காக நான் சொன்ன பொய்யி."

அம்மாவின் அழுகை நின்றது. திட்டுவாள் என்று நினைத்தேன், அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன்டி எங்கிட்ட சொன்ன?" என்றாள். "நீ சொல்லாம இருந்திருந்தா நானு இட்டுக்கினு போயிருப்பேனே."

சமைத்ததை அவள் சாப்பிடவில்லை. பையிலிருந்து நான் சேலைகளை எடுத்ததையும் தடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். வெயில் கொளுத்தியது. இரண்டு பேரும் நிழலைத் தேடி ஒரு பழக்கடை ஓரம் நின்றோம்.

"ஊர்ல கேட்டா இன்னா சொல்றது?" என்று அம்மா கேட்டாள்.

"செத்துட்டாருன்னே சொல்லிடும்மா. நானும் யாருகிட்டயும் மாத்திச் சொல்ல மாட்டேன். அப்ப நான் வரலாமா?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தாள்.

"சின்னசேலம் பஸ்ஸு வந்துடிச்சு பாரு," என்றாள்.

பஸ் எதுவும் வரவில்லை. இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம்.