செயலாளர் வீட்டுக் கோழிச்சாறு

பால்மிராவைப் பற்றி யாராவது "பாவம், மாவு தேய்க்கிறவள்" என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லூகோ நகரை அடுத்த எங்கள் தெருவில் அவளுக்கு இருந்த நெஞ்சழுத்தம் பத்து ஆண்பிள்ளைகளுக்கு இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடு, பார்த்துத்தான் சொல்கிறேன்.

பெரிய வீடுகளுக்குப் போய் மாவு தேய்த்து கப்பெல்லெத்தி மடித்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. பாலாடைக்கட்டியை உள்ளே வைத்துக் குட்டிக் குட்டியாக மடித்து, கோழிச்சாற்றில் வேகவிட வேண்டும். எங்கள் தெரு அதை வருடத்துக்கு இரண்டே நாள் சாப்பிடும்: கிறிஸ்துமஸ், மே முதல் தேதி. பாசிஸ்ட் கட்சியின் கறுப்புச் சட்டைக்காரர்கள் வந்தார்கள், மே தினத்தை ஒழித்து வேலைநாளாக்கினார்கள். அதோடு விட்டார்களா? அன்று மதியம் எந்த வீட்டில் கோழிச்சாறு மணக்கிறது என்று வாசல் வாசலாக மோப்பம் பிடித்தார்கள். வெட்கங்கெட்டவர்கள்!

அவள் கணவன் ஒலிந்தோ செங்கல் சூளையில் சங்கம் சேர்த்தவன். கட்சிக்கு ஆகாதவர்களை அனுப்பும் சிறைத்தீவில் மூன்று வருடம் அடைத்துவைத்து, நுரையீரல் போனபிறகு 1933-இல் திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு முறை மாட்டினால் மறுபடி தீவுதான்.

"அடுத்த வருஷ மே வரைக்கும் நான் தாங்கமாட்டேன் பால்மிரா. இந்தத் தடவ ஒரு கிண்ணம் சாப்பிட்டுடணும்" என்றான்.

"சாவப் பத்திப் பேசுன, கரண்டியாலயே போடுவேன்" என்றாள் அவள்.

மறுநாள் நேரே கட்சிச் செயலாளர் வீட்டுக்கே போனாள். முட்டைக் கூடையோடு நானும் கூடப் போனேன். 

"ஐயா, மே ஒண்ணாந்தேதி யாரும் சும்மா உக்காரக் கூடாதுன்னு நீங்கதானே உத்தரவு போட்டீங்க? எனக்கும் ஒரு வேல குடுங்க. கப்பெல்லெத்தி மடிச்சுத் தரேன்."

அந்த ஆளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "கேட்டியா?" என்று மனைவியைக் கூப்பிட்டார். "ஒலிந்தோ பொண்டாட்டிக்கே புத்தி வந்துடுச்சு! ரெண்டு சேவல அடிக்கச் சொல்லு."

மடித்துக் கொடுப்பவளுக்கு ஒரு பாத்திரம் நிறையக் கொடுத்தனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். மே ஒன்றாந்தேதி மதியம் அந்தப் பாத்திரத்தை இடுப்புத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள். ஒலிந்தோ கிண்ணத்தைக் கையில் வாங்கினான். வாசலில் நெல்லோ வந்து நின்றான். கசாப்புக்காரன் மகன், கறுப்புச் சட்டை போட்டதிலிருந்து தரையில் கால் பாவாதவன். ஒலிந்தோ கிண்ணத்தைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

"என்ன வாசன இது?"

"டேய் நெல்லோ, காலைலேருந்து உங்க செயலாளர் அடுப்படியில வெந்துட்டு வரேன். என் மேல கோழி மணக்காம ரோஜாவா மணக்கும்? அவர் இப்ப மூணாவது தட்டுல இருப்பாரு. பிடிக்கணும்னா மொதல்ல அவரப் பிடி!"

நெல்லோ அடுப்பில் கை வைத்துப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது. முணுமுணுத்தபடி போய்விட்டான்.

"அந்த ஆளையே மே தினம் கொண்டாட வெச்சுட்டியேடி!" என்று ஒலிந்தோ இருமல் வரும்வரை சிரித்தான். பால்மிரா என்னிடம் தண்ணீர் கேட்டாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கிண்ணம் காலியாகும்வரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

செப்டம்பரில் ஒலிந்தோ போய்ச் சேர்ந்துவிட்டான். அந்தக் கிண்ணத்தின் கதை தெரு முழுக்க, சூளை முழுக்கத் தெரியும், செயலாளருக்கு மட்டும் தெரியாது. அடுத்த வருடம் அவரே ஆள் அனுப்பினார்: "மே ஒண்ணாந்தேதி மறக்காம வந்துடு."

துக்கத்துக்கான கறுப்பு உடையில் போனாள். உதவிக்கு நானும் போனேன். மதியம் ஒலிந்தோவோடு வேலை பார்த்த சூளை ஆட்கள் அந்த வழியாகத்தான் வீடு திரும்புவார்கள். ஜன்னல் வழியே கோழிச்சாறு மணந்தது. முன்னால் வந்தவன் தொப்பியைக் கழற்றினான். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். 

செயலாளர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். மரியாதை தனக்குத்தான் என்று நினைத்து, கையை நீட்டி அவர்களுக்குக் கட்சி வணக்கம் வைத்தார். பால்மிரா சிரிக்கவே இல்லை. அவர் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.