கெம்ப் திரும்பி வரும்வரை

இண்டியானா சட்டமன்றத்தில் அந்த ஜனவரியில் இரு கட்சிக்கும் ஐம்பது ஐம்பது பேர். பெயர் கூப்பிட்டு ஒன்பது முறை வாக்கெடுத்தும் சபாநாயகர் நாற்காலி காலியாகவே கிடந்தது. வண்டிச் சக்கரம் செய்யும் ஓபெட் ஸ்டக்கியை உப்போடை ஊர்க்காரர்கள் அங்கே அனுப்பியது ஒரே காரியத்துக்காக: ஓடைமேல் ஒரு பாலம். முந்தைய வெள்ளத்தில் மூன்று பேர் வண்டியோடு போயிருந்தார்கள். சாலைக் குழுவை அமைப்பவர் சபாநாயகர். தம் கட்சி ஆள் உட்கார்ந்தால் பாலம் வரும்.

விடுதியில் ஸ்டக்கியோடு ஒரே மேஜையில் சாப்பிட்டவர் எதிர்க்கட்சி உறுப்பினர் ஆலன்சோ கெம்ப். அவருக்குக் காய்ச்சல் கண்டது.

"ஊருக்குப் போறேன் ஓபெட். ஜோடி சேர்ந்துக்குவோமா? நான் திரும்பி வர்ற வரைக்கும் நீயும் ஓட்டுப் போடாதே."

"போய்ட்டு வாய்யா. உன் பங்கு பன்றிக்கறியையும் நானே பாத்துக்கறேன்."

கைகுலுக்கினார்கள். எதிரெதிர்க் கட்சி உறுப்பினர் இருவர் பேசிவைத்து வாக்களிக்காமல் இருக்கும் அந்த வழக்கத்துக்குக் காகிதம் தேவைப்பட்டதே இல்லை.

ஆறாம் நாள் தந்தி வந்தது. கெம்ப் இறந்துவிட்டார்.

ஸ்டக்கியின் கட்சித் தலைவர் கர்னல் பிரூயிட் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "பாவம், நல்ல மனுஷன். நாளைக்கு உன் பேரைக் கூப்பிட்டதும் வாயைத் திற. ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது. சாலைக் குழுத் தலைவரே நீதான்."

"வர்ற வரைக்கும்னு சொல்லியிருக்கேனே."

"அவன் இனிமே வரவா போறான்? அதோட முடிஞ்சுது."

மாடிப்படியில் கெம்ப்பின் கட்சிக்காரர் ஒருவர் மறித்தார். "அவர் இன்னும் வரலைங்க. வர்ற வரைக்கும்னா வர்ற வரைக்குந்தான்."

ஒரே சொல், இரண்டு பேரும் தமக்கு வேண்டிய பொருளை அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஸ்டக்கிக்கு விசித்திரமாக இருந்தது. அவர்கள் இருவரையும்விடத் தம்மையே அவர் அதிகம் சந்தேகித்தார். பாலம் வேண்டும் என்ற ஆசை எந்தப் பொருளைச் சரியென்று காட்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் எழுத்தர் அவர் பெயரைக் கூப்பிட்டார்.

"ஜோடி" என்றார் ஸ்டக்கி. "மிஸ்டர் கெம்ப்போடு."

"பொணத்தோட ஜோடி சேர்ந்த மொத ஆளு நீதான்யா!" என்றார் பிரூயிட். சபை சிரித்தது. நாற்பத்தொன்பதுக்கு நாற்பத்தொன்பது.

கெம்ப்பின் இடத்துக்குத் தேர்தல் வருவதற்குள் இரு கட்சித் தலைவர்களும் பேரத்தை முடித்தார்கள்: நாற்காலி கெம்ப்பின் கட்சிக்கு, எழுத்தர் வேலைகள் பிரூயிட்டின் கட்சிக்கு. பாலத்துக்கான மசோதா குழுவிலேயே படுத்துவிட்டது.

மார்ச்சில் ஸ்டக்கி ஊர் திரும்பினார். ஓடைத் துறையில், வெள்ளத்தில் தம்பியைப் பறிகொடுத்த லஸ்க் நின்றிருந்தார்.

"ஒரு வார்த்தை, ஓபெட். ஒரே ஒரு வார்த்தை. செத்தவன் எழுந்து வந்து கேக்கவா போறான்?"

"உசுரோட இருந்தா நானே அவன்கிட்ட கேட்டிருப்பேன். விட்டுக்குடுப்பா, எங்க ஊருக்குப் பாலம் வேணும்னு. திட்டிக்கிட்டே விட்டுக்குடுத்தாலும் குடுத்திருப்பான். இப்ப யார்கிட்ட போய்க் கேக்கறது?"

அடுத்த தேர்தலில் லஸ்க், பாலம் கொண்டுவருவதாகச் சொன்ன வேறொருவருக்கு வாக்களித்தார். ஸ்டக்கியும் அந்த வேறொருவருக்கே வாக்களித்தார்.